கிடாக்குட்டிக்கு மார்க் போட்ட நாள்

எனக்கு என் மனைவி மேல் பொறாமை. வேறு யார் மேலாவது பொறாமை என்றால் வீட்டில் வந்து மனைவியிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். மனைவி மேலேயே என்றால் யாரிடம் போவது? கடைசியில் அவளிடமேதான் சொல்ல வேண்டி வந்தது.

கரமனையில், ஆற்றுப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், எங்கள் கறிக்கடை. நானும் தம்பியும் சேர்ந்து நடத்துகிறோம். தம்பி கறி வெட்டுவான். நான் சந்தைக்குப் போய் ஆடு பிடித்து வருவேன். விற்பது செம்மறிக் கிடாக்குட்டிதான். பிரியாணி போடும் ஓட்டல்காரர்களும் தமிழ் ஆட்களும் தேடி வந்து வாங்குவார்கள். மலையாளிகள் வந்து "செம்மறியாணோ?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு தடவை வாங்கிக்கொண்டு போனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முகத்தைச் சுளிக்காமல் வருவார்கள். அதற்குக் காரணம் என் கை என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கை என்று சொன்னது விளையாட்டுக்கு இல்லை. செம்மறியைக் கண்ணால் பார்த்து வாங்குகிறவன் ஏமாந்துபோவான். ரோமம் மறைக்கும், வயிறு மறைக்கும். சந்தைக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் உப்புப் போட்ட தவிட்டுத் தண்ணீரை வயிறு நிறையக் காட்டினால் நோஞ்சான் குட்டிகூடப் பயில்வான் மாதிரி நிற்கும். அதனால் தொட வேண்டும். நாலு விரலையும் முதுகெலும்பின் மேல் படிய வைத்து, கட்டைவிரலைக் கடைசி விலாவுக்குப் பின்னால் அழுத்த வேண்டும். எலும்பு நுனி குத்தினால் சதை இல்லை. விரல் வழுக்கிக்கொண்டு போனால் கொழுப்பு. அழுத்திய விரலை உள்ளேயிருந்து ஏதோ ஒன்று தள்ளினால் அதுதான் சதை. பிறகு பின்னால் போய் நின்று, நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். பின்னங்கால் இரண்டும் விலகி நேராக விழ வேண்டும். முட்டி ஒன்றோடு ஒன்று உரசினால் தொடையில் கறி நிற்காது.

இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தப்புத் தப்பாக வாங்கி, தம்பியிடம் திட்டு வாங்கி, நானே கண்டுபிடித்தது. அதனாலேயே அதன் மேல் எனக்குக் கர்வம் அதிகம். மேலப்பாளையம் சந்தையில் நான் ஒரு குட்டியைத் தொட்டுவிட்டு நகர்ந்தால் பக்கத்தில் நிற்கிறவனும் நகர்ந்துவிடுவான். அப்படி ஒரு பேர் எனக்கு இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம். தம்பிக்கு ஒத்தாசையாக நானும் கத்தியைப் பிடித்தேன். தொடை எலும்பில் பட்ட கத்தி வழுக்கி என் வலது கையில் இறங்கிவிட்டது. கட்டைவிரலுக்குக் கீழே ஆழமான வெட்டு. தையல் போட்டு, மணிக்கட்டு வரைக்கும் கட்டுப் போட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக்கூடாது என்று அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை சந்தை. தம்பி கடையை விட்டு நகர முடியாது. ஒற்றைக் கையோடு நான் போய் என்ன செய்வது என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி தையல் மிஷினில் இருந்தபடியே சொன்னாள்.

"நான் வாரேன். நீங்க பாத்துச் சொல்லுங்க. எங்க தொடணும்னு சொன்னா நான் தொடுதேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் இங்கே சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து அங்கே பாத்திரக்கடையில் வேலை பார்த்தவர். ஆட்டைக் கறியாகத் தவிர வேறு எப்படியும் அவள் தொட்டதில்லை. வீட்டில் ரவிக்கை தைக்கிறாள். கரமனை அக்ரஹாரத்து மாமிகள் பாதிப் பேருக்கு அவள்தான் தையல்காரி. இன்றுவரைக்கும் அந்த மாமிகளுக்கு அவள் சந்தைக்குப் போகிற விஷயம் தெரியாது. சந்தையிலிருந்து வந்தால் இரண்டு தடவை குளித்துவிட்டுத்தான் அவர்களுடைய துணியில் கை வைப்பாள்.

வேறு வழியில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். திங்கட்கிழமை மத்தியானம் கிளம்பி, நாகர்கோவிலில் அக்கா வீட்டில் தங்கி, விடிந்ததும் சந்தையில் இருந்தோம். வேம்பூர்ப் பக்கத்துக் குட்டிகள் நிறைய வந்திருந்தன. வெள்ளையில் சிவப்புப் பொட்டு விழுந்த, கால் உயர்ந்த குட்டிகள். அதில் ஒன்று அகலமாக, அசையாமல் நின்றது. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. எங்கே விரல் வைக்க வேண்டும் என்று சொன்னேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து வைத்தாள். ஒரு நிமிடம் அப்படியே நின்றாள்.

"வயிறு இருக்கு. முதுகு இல்ல" என்றாள்.

"நல்லா அழுத்திப் பாரு."

"அழுத்திட்டுதான் சொல்லுதேன். அளவு குடுக்க வாரவங்க வயித்த எக்கிட்டு நிப்பாங்கல்லா? இது அப்படியே தலைகீழா இருக்கு. இதுக்கு வயித்துல எதையோ ரொப்பி விட்டிருக்காங்க."

குட்டிக்காரர் வானத்தைப் பார்த்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவரிடம் இருந்த மற்றக் குட்டிகளையும் அவள் தொட்டுப் பார்த்தாள். ஒரு சிவலைக் குட்டியைத் தொட்டுவிட்டு, "இதுக்கு எடது தோளு ஒரு விரல் எறக்கம்" என்றாள். நான் முன்னால் போய்ப் பார்த்தேன். நேராகத்தான் தெரிந்தது. நடக்கவிடச் சொன்னேன். பத்தடி நடந்ததும் இடது முன்னங்காலை லேசாக எடுத்து எடுத்து வைத்தது. எப்போதோ எலும்பு முறிந்து கூடிய கால். என் கண்ணுக்குப் பத்தடி தேவைப்பட்டது. அவள் விரலுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வண்டியில் வரும்போது தம்பிக்குப் போன் போட்டுச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். இரண்டாவது வாரமும் சிரித்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து எங்கே தொட வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதே இல்லாமல் போயிற்று. நான் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். வியாபாரிகள் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். ஐந்தாவது வாரம் ஒரு பெரிய வியாபாரி, தன் சொந்தக் குட்டிகளையே அவளிடம் கொண்டுவந்து, "அக்கா, இதுல எத நிறுத்தி வளக்கலாம், எதக் குடுத்துரலாம்? ஒரு வார்த்த சொல்லுங்க" என்று கேட்டார். இருபது வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கட்டுப் பிரித்த மறுவாரம், "இனி நீ எதுக்கு அலையணும்? துணியெல்லாம் குமிஞ்சு கெடக்கு" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். சந்தைக்குள் நுழைந்ததும் முதல் வியாபாரி கேட்டார்.

"அண்ணாச்சி, அக்கா வரலியா?"

"இல்ல. நான் மட்டுந்தான்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. திரும்பிப் போய், வண்டிக்கு அந்தப் பக்கம் மறைத்துக் கட்டியிருந்த நாலு குட்டிகளை அவிழ்த்துக்கொண்டு வந்தார். அவள் வருவாளோ என்று பயந்து மறைத்து வைத்த குட்டிகள். நான் என்றால் கொடுத்துவிடலாம்.

அந்த நாலையும் நான் வாங்கவில்லை. வேறு இடத்தில் வாங்கினேன், நல்ல குட்டிகள்தான். ஆனால் வண்டி ஆரல்வாய்மொழி தாண்டும்வரைக்கும் அந்த முகம் என் கண் முன்னால் நின்றது. கடைக்கு வந்தால், வழக்கமாக வாங்குகிற ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கறியைப் பார்த்துவிட்டு, "இத்தவண சேச்சி சந்தைக்குப் போயில்லே?" என்று கேட்டார். கறியில் ஒரு குறையும் இல்லை. சும்மா கேட்டார். தம்பி சிரித்தான். எனக்கு அவனை அடிக்கலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நான் என்று ஆயிற்று. யாரும் பேசி வைத்தது இல்லை. துணி நிறைய இருக்கிற வாரம் நான் போவேன். அவளுடைய மிஷின் பக்கத்தில் துணி குறைந்திருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்ப்பேன். தீபாவளிக்கு மாமிகள் மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டியபோது, எந்தப் புருஷனும் படாத சந்தோஷம் நான் பட்டேன். அவள் குட்டிகளைக் கொண்டுவந்து இறக்கும் நாளில், யாரும் பார்க்காதபோது ஒவ்வொன்றாகத் தொட்டுக் குறை தேடுவேன். அகப்படாது. அகப்படாத ஒவ்வொரு தடவையும் அவள் மேல் கோபம் வரும். சாப்பாட்டில் உப்பு இல்லை என்பேன். உப்பு இருக்கும்.

எங்கள் கடைக்குக் கறி வாங்க வருகிறவர்களில் கால்நடை டாக்டர் ஒருவர் உண்டு. நேமத்துக்கு அந்தப் பக்கம் விவசாயிகள் சிலர் சேர்ந்து ஓணம் முடிந்து ஒரு கண்காட்சி நடத்துவதாகவும், அதில் அந்த வருடம் முதல்முறையாகக் கறிக்கிடாப் போட்டி வைப்பதாகவும் சொன்னார். பால்பல் இன்னும் விழாத கிடாக்குட்டிகள் மட்டும். உடல் கட்டுக்கும் சதைப்பிடிப்புக்கும் மார்க். பாலுக்கும் பசுவுக்கும் மார்க் போட அவருக்குத் தெரியும், கறிக்குப் போட நம் ஆள் வேண்டும் என்றார். ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது.

"அண்ணாச்சி, ஜட்ஜ் மூணு பேர். நான், நிங்கள், பின்னே சேச்சி. சேச்சியெ கண்டிப்பா கொண்டு வரணும், கேட்டோ. எல்லாரும் சேச்சியெப் பத்திக் கேக்குது."

"கொண்டு வாரேன் டாக்டரே" என்று சொல்லிப் போனை வைத்தேன். அவள் அடுப்படியில் இருந்தாள். யார் என்று கேட்டாள்.

"டாக்டரு. போட்டிக்கு என்ன ஜட்ஜா கூப்பிடுதாரு. நீயும் வேணும்னா வா, வேடிக்க பாக்கலாம்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயைத் திறந்தேன், அப்படி வந்தது. ஆனால் அதற்குப் பிறகு பத்து நாள் இருந்தது. பத்து நாளில் ஒரு தடவையாவது திருத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பள்ளி மைதானம் மாதிரி ஒரு இடம். பந்தல் போட்டு, நடுவில் கயிறு கட்டி வட்டம் போட்டிருந்தார்கள். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவள் மஞ்சள் புள்ளி போட்ட சாதாரணச் சேலையில் வந்தாள், வேடிக்கை பார்க்கத்தானே வருகிறாள். வாசலில் ஒரு பெண் வந்து எனக்குச் சட்டையில் பேட்ஜ் குத்தினாள். பிறகு அவளிடம் திரும்பி, "சேச்சிக்கும் உண்டு" என்று ஒன்றை எடுத்தாள். பேட்ஜில் அவள் பேர் எழுதியிருந்தது. முன்னமே எழுதி வைத்த பேர்.

அவள் பேட்ஜைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஆட்டுக்குட்டிகளைப் பார்த்தேன்.

பதினாலு குட்டிகள். பாதியை முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிட்டோம். காலில் குறை, முதுகில் வளைவு, சும்மா வயிறு. கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று, ஊரில் பெரிய பண்ணை வைத்திருக்கிறவருடையது. ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, ரோமத்தைக் கத்தரித்துச் சீப்பால் வாரியிருந்தார்கள். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. இன்னொன்று ஒரு நெல்லைக்காரருடையது. கட்டட வேலைக்குக் கம்பி கட்ட வந்தவர், மனைவியும் சித்தாள். தங்கியிருக்கிற தகரக் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு மூன்று குட்டி வளர்க்கிறார்கள். அந்தக் குட்டி கொஞ்சம் குட்டை, கறுத்த முகம், ரோமத்தில் சிமென்ட் தூசி. பின்னங்காலை அகல ஊன்றி, தரையை யாரோ தன்னிடமிருந்து பறிக்கப்போகிறார்கள் என்பது மாதிரி நின்றது.

டாக்டர் பண்ணைக்காரர் குட்டிக்கு முதல் இடம் போட்டார். என் மனைவி கறுத்த முகத்துக்குப் போட்டாள். என் காகிதம் காலியாக இருந்தது.

"இன்னொரு தடவ பாக்கேன்" என்று சொல்லி வட்டத்துக்குள் போனேன்.

பண்ணைக் குட்டியின் முதுகில் விரலை வைத்ததுமே தெரிந்துவிட்டது. விரல் வழுக்கியது. கொழுப்பு, அதற்கடியில் மெல்லிய சதை. கறுத்த முகத்தின் முதுகில் வைத்தேன். கட்டைவிரலை அது திருப்பித் தள்ளியது. தையல் போட்ட இடம் இன்னும் மரத்துத்தான் இருந்தது, இருந்தும் தெரிந்தது. தொடையைப் பிடித்துப் பார்த்தேன், கை கொள்ளவில்லை. சந்தேகத்துக்கே இடமில்லை. என் மனைவி சொன்னதுதான் சரி.

நிமிர்ந்து பார்த்தேன். பந்தலில் பத்துப் பதினைந்து பேர் அவளைச் சுற்றி நின்றார்கள். டாக்டர் ஒரு குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் விரலை எப்படி வைப்பது என்று காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் அந்தக் கையை மட்டும் போனில் படம் எடுத்தாள். முகத்தைக்கூட இல்லை, கையை.

நான் காகிதத்தில் பண்ணைக்காரர் குட்டிக்கு முதல் இடம் போட்டேன்.

தீர்ப்புச் சொன்னதோடு விடவில்லை. காரணம் சொல்ல வேண்டும் என்று மைக்கை என் கையில் கொடுத்தார்கள். மலையாளத்தில் பேசினேன். நல்ல நீளம், உயரம், எலும்புக் கட்டு, நடையில் ஒரு எடுப்பு என்று அடுக்கினேன். இரண்டாவதாக வந்த குட்டிக்குச் சதை உண்டு, ஆனால் வளர்ச்சி போதாது என்றேன். அவ்வளவு தெளிவாக நான் என் வாழ்க்கையில் பேசியதில்லை. கை தட்டினார்கள். முதல் பரிசு ஒரு ஜோடிப் பெட்டைக்குட்டி. பண்ணையில் இருக்கிற நூறோடு அதுவும் போய்ச் சேர்ந்தது. கம்பி கட்டுகிறவருக்கு மூடி போட்ட ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம். அவர் மனைவி அதைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பாப்பனங்கோடு தாண்டியதும் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"டாக்டரு போன்ல என்னையும் கூப்பிட்டாரா?"

"ஆமா."

"ம்" என்றாள். அவ்வளவுதான்.

போட்டியில் முதல் இரண்டு இடம் வந்த குட்டிகளையும் எங்கள் கடைக்கே கொடுப்பது என்று முன்னமே பேசியிருந்தார்கள். உரித்த பிறகு பார்க்க வேண்டும், மார்க் சரிதானா என்று தெரியும், தானும் படித்துக்கொள்ளலாம் என்பது டாக்டரின் ஆசை. அந்த ஏற்பாடு எனக்கு மறந்தே போயிருந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு குட்டியும் வந்து இறங்கியபோதுதான் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை காலையில் தம்பி இரண்டையும் உரித்துத் தொங்கவிட்டான். கடைசி விலாவை ஒட்டிக் குறுக்கே வெட்டினால் முதுகுச் சதை வட்டமாகத் தெரியும். பண்ணைக் குட்டிக்கு ஒரு விரல் கனத்துக்கு வெள்ளைக் கொழுப்பு, நடுவில் சுருங்கிப்போன சிவப்பு. மற்றதற்குக் கொழுப்பு ஒரு கோடு மாதிரி. சதை உள்ளங்கையை நிறைத்தது. தம்பி ஒன்றும் தெரியாமல், "எதுக்குண்ணே முதல் பரிசு குடுத்தாங்க? இதுக்கா?" என்று கொழுப்பைக் கத்தி நுனியால் தட்டினான்.

டாக்டர் வந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணாச்சி, நம்மள் ரெண்டு பேரும் தோத்துப்போயி. சேச்சி ஜெயிச்சு."

"ஆமா டாக்டரே" என்றேன். "எனக்கும் தெரியாமப் போச்சு. கை இன்னும் மரத்துத்தான் கெடக்கு."

பாவம், அவர் என் கையைப் பிடித்துத் தழும்பைத் தடவிப் பார்த்தார். எனக்குத் தொழில் தெரியாது என்று அவர் நினைத்தால் பரவாயில்லை என்று எனக்கு அந்த நிமிடத்தில் தோன்றியது. மற்ற விஷயம் தெரியாமல் இருந்தால் போதும்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். சோறு போட்டுவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். வழக்கமாக மிஷினுக்குப் போய்விடுவாள்.

"கறியப் பாத்தியளா?"

"பாத்தேன். நீ சொன்னதுதான் சரி. கை மரத்துப்போய்த் தெரியாமப் போச்சு."

"உங்க கைக்குத் தெரியும்" என்றாள். "நான் பாத்துட்டுதான் நின்னேன். பண்ணக்காரரு குட்டி மேல கைய வச்சிட்டு ஒடனே எடுத்துட்டிய. அந்தக் கறுத்த மொகத்து மேலதான் ரொம்ப நேரம் வச்சிருந்திய. பிடிச்ச துணிமேலதான் யாருக்கும் கை நிக்கும். பெறவு நிமிந்து என்னயப் பாத்திய. குனிஞ்சு எழுதுனிய."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன்.

"எனக்குப் பொறாம" என்றேன். இந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது. "கட்டுப் பிரிச்ச நாள்லருந்து இருக்கு. நான் இருவது வருஷமாப் படிச்சத நீ ஆறு வாரத்துல... எனக்குத் தாங்க முடியல."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"எங்கிட்ட காட்டுங்க. திட்டுங்க. உப்பு இல்லன்னு சொல்லுங்க. நான் கேட்டுக்கிடுதேன். அந்தக் கம்பி கட்டுதவரு உங்கள என்ன செஞ்சாரு? அவருக்கு ஒரு ஜோடிக் குட்டி கெடச்சிருக்கும்லா?"

எழுந்து மிஷினுக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் வரைக்கும் மிஷின் சத்தம் நிற்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தைக்கு நான் தனியாகப் போனேன். கடைக்கு வாங்கியது போக, ஒரு ஜோடிப் பெட்டைக்குட்டி தேடினேன். காலையிலிருந்து வெயில் ஏறும்வரை சுற்றினேன். வளர்ப்புக்கு என்றால் பல்லிலிருந்து குளம்பு வரைக்கும் பார்க்க வேண்டும். முப்பது நாற்பது குட்டியைத் தொட்டு, நடக்கவிட்டு, உட்காரவைத்து, எழுப்பி, கடைசியில் இரண்டு எடுத்தேன். என் ஆயுளில் நான் எடுத்த குட்டிகளிலேயே நல்ல குட்டிகள் அவை. இதை இப்போதும் சொல்வேன்.

மறுநாள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேமம் பக்கம் அந்தத் தகரக் கொட்டகையைக் கண்டுபிடித்துப் போனேன். வேலை முடிந்து வந்து இரண்டு பேரும் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். என்னை அடையாளம் தெரிந்தது. அவருக்கு முகம் இறுகியது.

"தப்பாத் தீர்ப்பு சொல்லிட்டேன்" என்றேன். "ஒங்க குட்டிதான் மொதல்ல வந்திருக்கணும். எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சேதான் மாத்திப் போட்டேன்."

ஏன் என்று கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. அவர் மனைவிதான் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தாள்.

"வளர்ச்சி போதாதுன்னு மைக்குல சொன்னிய. அத்தன பேரு கேட்டாங்க. இப்ப இங்க வந்து ரெண்டு பேருகிட்ட சொல்லுதியளே."

ஆட்டோவிலிருந்து குட்டிகளை இறக்கினேன். "இத வச்சிக்கிடுங்க" என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார். அசைத்துக்கொண்டே இருந்தாலும் கண் குட்டியின் காலுக்குப் போனது. வளர்க்கிறவனுடைய கண். உட்கார்ந்து ஒன்றின் முதுகில் கை வைத்தார். பின்னங்காலைப் பிடித்துப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது.

"நல்ல குட்டியாத்தான் இருக்கு" என்றார். பிறகு நிமிர்ந்து கேட்டார். "அக்கா பாத்து எடுத்ததா?"

நான் எடுத்தது என்று வாய் வரைக்கும் வந்தது. வெயிலில் நாற்பது குட்டியைத் தொட்டவன் நான். அவள் அன்று வீட்டில் ஹூக் தைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் நான் எடுத்தது என்று சொன்னால் அவர் அதைக் கையில் வாங்கமாட்டார் என்று அந்த முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. என் கையை அவர் எப்படி நம்புவார்?

"ஆமா" என்றேன். "அக்காதான் எடுத்தா."

"அப்ப சரி" என்று கயிற்றை வாங்கிக்கொண்டார். அவர் மனைவி காப்பி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் எனக்குள் இருந்தது வெட்கமா, ஆத்திரமா என்று இப்போதும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் நடந்ததைச் சொன்னேன். நீ எடுத்ததாகச் சொல்லிவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"குட்டி எப்படி?"

"ரெண்டும் நல்ல குட்டி."

"எத்தன தொட்டிய?"

"நாப்பது இருக்கும்."

"அப்ப நல்ல குட்டியாத்தான் இருக்கும்" என்றாள். ஊசியை எடுத்துக்கொண்டாள். அதற்கு மேல் அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. இன்றுவரைக்கும் கேட்டதில்லை.

அந்தப் பெண் மைக்கைப் பற்றிச் சொன்னது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்து டாக்டருக்குப் போன் போட்டு, கை மரத்துப்போனதால் இல்லை, தெரிந்தே செய்தேன் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர், "அடுத்த கொல்லம் சேச்சி மதி" என்றார், அடுத்த வருடம் அவள் மட்டும் போதுமாம். கறி வாங்க இப்போதும் எங்கள் கடைக்குத்தான் வருகிறார். ஆனால் தம்பியிடம்தான் பேசுவார்.

அடுத்த வருடம் அவள் மட்டும் வட்டத்துக்குள் போனாள். பட்டுக்கரை போட்ட சேலை, அவளே தைத்த ரவிக்கை. தொடங்குவதற்கு முன்னால் டாக்டர் மைக்கில், போன வருடத் தீர்ப்பில் தவறு நடந்தது, முதல் இடம் இன்னாருக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று கம்பி கட்டுகிறவர் பேரைச் சொன்னார். யார் தவறு என்று சொல்லவில்லை. நான் பந்தலில் அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெரியாத ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அந்தச் சேச்சிக்கு எவிடெ இருந்து கிட்டியது ஈ அறிவு?" என்று என்னிடமே கேட்டார். தெரியாது என்று சொன்னேன்.

இப்போது சந்தைக்குப் பெரும்பாலும் அவள்தான் போகிறாள். நான் கடையில் நிற்கிறேன். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். புதன்கிழமை காலையில் குட்டிகள் வந்து இறங்கியதும், தம்பி டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன். போன மாதம் ஒரு குட்டிக்குக் கீழ்த்தாடை அரை விரல் உள்ளே தள்ளியிருந்தது. மேயச் சிரமப்படும், சதை பிடிக்காது. அவள் வாயைத் திறந்து பார்க்காமல் விட்டிருக்கிறாள். நான் அந்தக் குட்டியை இழுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே போய், வாயைத் திறந்து காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "அட, ஆமா. கவனிக்கவே இல்ல" என்றாள். அன்று சாயங்காலம் வரைக்கும் நான் பாட்டுப் பாடிக்கொண்டு கறி நிறுத்தேன்.